பழைய ஹாலிவுட் படங்களுக்குச் சாயம் பூசுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தொழில்காரர்களே,

வணக்கம். உங்களைத் தொழில்காரர்களே என்று கூப்பிடுவதற்குக் காரணம் இருக்கிறது. திருச்சி பொன்மலையில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் சைஸ், ஜெராக்ஸ், லேமினேஷன் எல்லாம் போர்டில் எழுதியிருக்கிறது. ஆனால் கடை ஓடுவது இறந்தவர்களால்தான். பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வேண்டும் என்று வருவார்கள். கையில் இருப்பது பழைய ரேஷன் கார்டில் ஒட்டியிருந்த தபால்தலை அளவு முகமாக இருக்கும். இல்லையென்றால் ஏதோ கல்யாண குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசையில் பாதி மறைந்து நிற்பார். அதை ஸ்கேன் பண்ணி, கீறலைத் துடைத்து, வேறொருவர் சட்டையை மாட்டிவிட்டு, நிறம் பூசி, பிரேம் போட்டுக் கொடுப்பேன். பத்தொன்பது வருஷமாக இதுதான் சோறு. ஆக, கறுப்பு வெள்ளைக்குச் சாயம் பூசுகிற கை எனக்கும் உண்டு. வெளியே நின்று கல்லெறிகிறவன் இல்லை நான்.

போன மாதம் படம் வாங்க வந்த ஒரு பையன், பிரேம் காயும்வரை சும்மா இருக்க முடியாமல் போனை நீட்டினான். “அண்ணே, நீங்க மூணு நாள் எடுத்துக்கிறீங்க. இங்க பாருங்க, ஏஐ மூணு நிமிஷத்துல பண்ணிருது.” அதில் ஒரு பெண் பியானோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கன்னம் பீச் பழ நிறம். தோலில் ஒரு துவாரம் கிடையாது. ஜவுளிக்கடை வாசலில் நிற்கும் பொம்மைக்குத் தலையாட்டக் கற்றுக்கொடுத்தது போல் வழுவழுவென்று அசைந்தாள். அழகாகத்தான் இருந்தது. யார் என்று எனக்கு இரண்டு விநாடி தெரியவில்லை. தெரிந்ததும் வயிற்றில் ஏதோ செய்தது. பழைய ஹாலிவுட் நடிகை இங்க்ரிட் பெர்க்மன். பத்து வயதிலிருந்து பார்க்கிற முகம் எனக்கு அடையாளம் தெரியவில்லை என்றால், பிழை என் கண்ணிலா உங்கள் கையிலா? அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

அந்த முகம் பொன்மலைக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். கல்யாணத்துக்கு முன்னால் ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் இங்கிலீஷ் படம் போடும்போதெல்லாம் ஆங்கிலோ இந்தியன் சிநேகிதர்களோடு போய் உட்கார்ந்துவிடுவாராம். வசனம் பாதிதான் புரியும். “மூஞ்சியப் பாத்தாப் போதும்டா, டயலாக் எதுக்கு” என்பார். ஏதோ ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து வெட்டிய பெர்க்மன் படம் ஒன்று அவருடைய தகரப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டியிருக்கும். பெட்டியைத் திறந்தால் முருகன் ஒரு பக்கம், பெர்க்மன் ஒரு பக்கம். அம்மா அந்தப் படத்துக்கு வைத்திருந்த பெயர் “உங்கப்பாவோட மூத்த தாரம்”.

1995 வாக்கில் எங்கள் தெருவுக்குக் கேபிளில் ஒரு சேனல் வந்தது. பகலெல்லாம் கார்ட்டூன். நேரம் ஆனதும் அதே சேனல் டிஎன்டி என்று பெயர் மாறி, பழைய ஹாலிவுட் படங்களைப் போட ஆரம்பித்துவிடும். டாம் ஜெர்ரியைத் துரத்திக்கொண்டிருப்பதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்போம். சட்டென்று சிங்கம் ஒன்று கர்ஜித்து, தொப்பி போட்ட ஆட்கள் கறுப்பு வெள்ளையில் சிகரெட் பிடிக்கத் தொடங்குவார்கள். என் வயதுக்காரர்கள் பலருக்கு ஹாலிவுட்டின் பொற்காலம் என்பது கார்ட்டூனைப் பிடுங்கிக்கொண்ட வில்லன். எங்கள் வீட்டில் மட்டும் அந்த நேரத்துக்கு அப்பா சைக்கிளை வேகமாக மிதித்து வருவார். ரிமோட் கைமாறும். நான் அழுதுகொண்டே பார்த்தேன். பிறகு அழாமல் பார்த்தேன். பிறகு அவர் தூங்கிய பிறகும் பார்த்தேன்.

அந்தச் சேனலின் முதலாளி டெட் டர்னர் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். 1986-ல் எம்ஜிஎம் ஸ்டூடியோவை வாங்கி, கொஞ்ச நாளிலேயே பெரும்பகுதியைத் திருப்பி விற்றுவிட்டு, படக் களஞ்சியத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டவர். எம்ஜிஎம்மின் பழைய படங்களோடு 1950-க்கு முந்தைய வார்னர் படங்களும் அதில் அடக்கம். வைத்துக்கொண்டவர் சும்மா இருக்கவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கம்ப்யூட்டரில் நிறம் பூச ஆள் போட்டார். உங்கள் தொழிலின் பெரிய முதலாளி அவர்தான். அதே மனிதர்தான் அந்தப் படங்களைப் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸுக்குள்ளும் கொண்டுவந்து சேர்த்தார். அவரைத் திட்டவும் வாய் வரவில்லை, கும்பிடவும் கை வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ‘காசாபிளாங்கா’ படத்தில் அந்தப் பியானோ இடம். பெர்க்மன் பியானோக்காரனிடம் பழைய பாட்டை வாசிக்கச் சொல்கிறாள். அவன் தயங்கி வாசிக்க ஆரம்பிக்கிறான். கேமரா அவள் முகத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிடுகிறது. பெர்க்மன் ஒன்றுமே செய்வதில்லை. புருவம் தூக்குவதில்லை, உதடு துடிப்பதில்லை. கண்ணுக்குள் இரண்டு வெளிச்சப் புள்ளிகள் மட்டும் மெல்ல நனைகின்றன. ஒளிப்பதிவாளர் ஆர்தர் எடிசன் லென்சுக்கு முன்னால் மெல்லிய வலைத்துணி போட்டு ஓரங்களைக் கரைத்தார். கண்ணில் மின்னல் விழுவதற்கென்றே தனியாகச் சின்ன விளக்கு வைத்தார். பெர்க்மனின் இடப்பக்க முகத்தையே முடிந்தவரை எடுத்தார். அந்த முகத்தின் பாதி சாம்பல், கால்வாசி இருட்டு. மீதிதான் வெளிச்சம். நீங்கள் பூசிய பிரதியில் நான் பார்த்தது என்ன? கன்னத்துக்கு ஒரு நிறம், உதட்டுக்கு ஒரு நிறம், பின்னால் சுவருக்கு ஒரு நிறம். எல்லாம் ஒரே சமயத்தில் என்னைப் பார் என்னைப் பார் என்கின்றன. அந்த இரண்டு புள்ளிகளைத் தேட வேண்டியிருந்தது.

நம் வேலை தெரிந்தவர்களுக்குள் ஒன்றைச் சொல்லிக்கொள்ளலாம். கரும் இருட்டில் நிறம் ஒட்டாது. அதனால் பூசுவதற்கு முன் இருட்டைக் கொஞ்சம் தூக்கிவிடுவோம், உச்ச வெள்ளையைக் கொஞ்சம் அமுக்குவோம். காரியப் படத்தில் அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. பெரியவர் பளிச்சென்று தெரிந்தால் வீட்டுக்காரர்களுக்குச் சந்தோஷம். ஆனால் இந்தப் படங்களில் இருட்டுதானே மூலப்பொருள்? “நிறம் பிடிக்கவில்லை என்றால் டிவியில் கலரைக் குறைத்துவிட்டுப் பார்” என்று அந்தக் காலத்திலேயே பதில் சொன்னார்கள். நான் செய்து பார்த்தேன். கலரைப் பூஜ்யத்துக்கு இறக்கினேன். வந்தது பழைய கறுப்பு வெள்ளை இல்லை. வெளுத்துப் போன ஜெராக்ஸ்.

‘ஷாங்காய் எக்ஸ்பிரஸ்’ 1932-ல் வந்தது. அதன் நாயகி மார்லின் டீட்ரிச்சுக்கு விளக்கை நேர் எதிரே, தலைக்கு மேலே உயரத்தில் வைப்பார்கள். மூக்குக்குக் கீழே பட்டாம்பூச்சி சிறகு விரித்த மாதிரி ஒரு சின்ன நிழல் விழும். கன்னம் ஒட்டி, எலும்பு எழும்பித் தெரியும். இன்றைக்கும் கல்யாண போட்டோ எடுக்கிற பையன்கள் பட்டர்ஃபிளை லைட்டிங் என்று சொல்லிக்கொள்வது இதைத்தான். அந்தப் படத்தில் ஓர் இடம்: ரயில் பெட்டிக்குள் விளக்கை அணைத்துவிட்டுக் கதவில் சாய்ந்து நிற்கிறாள். மேலேயிருந்து ஒரு கீற்று. முகம் அண்ணாந்திருக்கிறது, அதில் ஒரு சலனமும் இல்லை. சிகரெட் பிடித்த விரல் மட்டும் நடுங்குகிறது. அவள் பயந்திருக்கிறாள் என்பதை அந்தக் கை மட்டும்தான் நமக்குச் சொல்கிறது. ஒளிப்பதிவுக்கு லீ கார்ம்ஸ் ஆஸ்கர் வாங்கினார். இப்போது அவள் உடுப்புக்கு நீங்கள் என்ன நிறம் கொடுப்பீர்கள்? எதைக் கொடுத்தாலும் கண் முதலில் உடுப்புக்குப் போகும். விரலுக்குப் போகாது.

அடுத்த வருஷம் ‘குயின் கிறிஸ்டினா’. கடைசிக் காட்சி. கிரெட்டா கார்போ கப்பலின் முனையில் நிற்கிறார். காதலன் செத்துப்போனான், சிம்மாசனத்தை விட்டாயிற்று. முகத்தில் என்ன காட்டட்டும் என்று அவர் கேட்க, ஒன்றையும் நினைக்காதே, வெள்ளைத்தாள் மாதிரி வைத்துக்கொள், எழுதுவதை ஜனங்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றாராம் இயக்குநர் ரூபன் மமூலியன். ஜனங்களும் தொண்ணூறு வருஷமாக எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். அப்பா அதை “புருஷன் வேலையிலிருந்து வர லேட்டானா உங்கம்மா நிக்கிற மாதிரி நிக்கிறா” என்றார். அம்மா அதைக் கேட்டு, “நான் அப்பிடியா மரமாட்டம் நிக்கிறேன்” என்றாள். இரண்டும் சரி. வெற்றுத்தாளாக வைக்கச் சொன்ன முகத்தில் நீங்கள் ரோஸ் கலர் பென்சிலை எடுக்கிறீர்கள்.

எனக்குப் பிடித்த உதாரணம் இன்னொன்று இருக்கிறது. 1938-ல் வந்த ‘ஜெசபெல்’. கல்யாணமாகாத பெண்கள் வெள்ளை உடுத்தித்தான் வரவேண்டும் என்ற வழக்கமுள்ள விருந்துக்கு, பெட்டி டேவிஸ் வீம்புக்கென்று சிவப்பு கவுனில் போய் நிற்கிறார். மண்டபமே விறைத்துப் போகிறது. கூட வந்த ஹென்றி ஃபோண்டா, உனக்கு இது வேண்டும் என்பது போல, விடாமல் அவரை இழுத்து ஆடவைக்கிறார். மற்ற ஜோடிகள் ஒவ்வொன்றாக ஒதுங்க, தளத்தில் இவர்கள் இருவர் மட்டும். திரையில் சிவப்பு என்று ஒரு புள்ளி கிடையாது. ஆனால் பார்த்த யாரைக் கேட்டாலும் அந்த கவுன் என்ன சிவப்பு என்று சொல்வார்கள். எங்கள் அம்மாவுக்கு அது அரக்கு. அப்பாவுக்கு ரத்தச் சிவப்பு. எனக்கு ரயில்வே சிக்னல் சிவப்பு. நீங்கள் அதில் ஒரு சிவப்பைத் தேர்ந்தெடுத்துப் பூசினால் மற்ற அத்தனை சிவப்பையும் அழிக்கிறீர்கள் என்று அர்த்தம். ‘சைக்கோ’ குளியலறையில் ஓடுவது ரத்தமில்லை, சாக்லெட் சிரப் என்பது உங்களுக்கே தெரியும். சாக்லெட்டுக்குச் சிவப்புச் சாயம் பூச ஒரு தைரியம் வேண்டும்.

கறுப்பு வெள்ளை என்பது நிறம் இல்லாத குறை என்று நினைத்துக்கொண்டு நீங்கள் உதவிக்கு வருகிறீர்கள். குறையாகவே நினைத்தாலும், அந்தக் குறையை நம்பித்தான் அவர்கள் செட் போட்டார்கள். ‘காசாபிளாங்கா’வின் கடைசியில் நிற்கும் விமானம் அட்டைப் பலகை. அதுவும் சின்னது. அளவு பொருந்த வேண்டும் என்று உயரம் குறைந்தவர்களுக்கு மெக்கானிக் உடை மாட்டிப் பக்கத்தில் நிறுத்தினார்கள். மேலே புகையைக் கொட்டினார்கள். சாம்பல் நிறப் புகையில் அட்டை விமானமாகிவிட்டது. ஹம்ப்ரி போகார்ட் பெர்க்மனைவிட உயரமாகத் தெரிய ஷூவுக்குள் கட்டை வைத்திருந்தார் என்பது வேறு கதை. (அப்பாவுக்கு இது தெரிந்தபோது போகார்ட் மேல் மரியாதை கூடிவிட்டது. அவரும் அம்மாவைவிட அரை அங்குலம் குட்டை.)

உங்களுக்கு முன்னால் பூசியவர்கள் என்ன பட்டார்கள் என்பதும் உங்களுக்கு நினைவில் இருக்கட்டும். ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ படத்தின் காப்புரிமையை 1974-ல் புதுப்பிக்க மறந்துபோனார்கள். கேட்பாரில்லாத சொத்து, ஆளாளுக்கு நிறம் பூசினார்கள். அதன் நாயகன் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் தன் படத்தைத் தானே முழுசாகப் பார்க்க முடியவில்லை என்று நொந்துகொண்டார். அதில் கிளோரியா கிரகாமுக்குக் கதாபாத்திரத்தின் பெயர் வயலெட். பெயர் வயலெட் என்பதற்காக அவருடைய உடுப்புக்கெல்லாம் வயலெட் நிறம் அடித்துவிட்டார்கள் என்று ஸ்டூவர்ட் குறைப்பட்டார். நல்லவேளை, நம் ஊர்ப்படம் எதையும் அவர்களிடம் கொடுக்கவில்லை. பச்சையம்மா, செவ்வந்தி, கறுப்பாயி எல்லோரும் என்ன கதி ஆகியிருப்பார்களோ.

இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் கெட்டிக்காரர். ‘சிட்டிசன் கேன்’ எடுப்பதற்கு முன் போட்ட ஒப்பந்தத்தில் படத்தின் மேல் முழு உரிமையையும் எழுதி வாங்கியிருந்தார். 1989-ல் டர்னரின் ஆட்கள் அதில் கைவைக்கப் பார்த்து, ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுப் பின்வாங்கினார்கள். வெல்ஸ் செத்து மூன்று வருஷம் தாண்டியிருந்தது. காகிதம் காவல் காத்தது. இன்னொரு இயக்குநர் ஜான் ஹூஸ்டனுக்கு அப்படிக் காகிதம் இல்லை. அவருடைய ‘தி ஆஸ்ஃபால்ட் ஜங்கிள்’ படத்தின் வண்ணப் பிரதியை பிரான்ஸில் ஒளிபரப்பக் கூடாது என்று அவர் பிள்ளைகள் வழக்குப் போட்டு, 1991-ல் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். அமெரிக்கச் சட்டம் அவ்வளவு தூரம் போகவில்லை. 1988-ல் ஒரு சட்டம் வந்தது. தேசியத் திரைப்படப் பதிவேடு ஒன்று ஆரம்பித்து, அதில் சேர்த்த படங்களை யாராவது நிறம் பூசி மாற்றினால், மாற்றப்பட்டது என்று சீட்டு ஒட்ட வேண்டும் என்றது. 1989-ல் பதிவேட்டில் ஏறிய முதல் 25 படங்களில் ‘காசாபிளாங்கா’வும் உண்டு. அந்தப் பையன் போனில் காட்டிய துண்டில் சீட்டும் இல்லை, ஒரு வரியும் இல்லை. அவன் அதுதான் படம் என்றே நினைத்திருக்கிறான்.

இப்போது நீங்கள் கேட்கலாம்: “அந்த முகங்களே பூச்சுதானே?” நியாயமான கேள்வி. அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர்கள் செய்யாத அக்கிரமமா? மார்கரிட்டா கான்சினோ என்ற பெண்ணின் நெற்றி முடியை மின்சாரம் வைத்துப் பொசுக்கி ஏற்றி, தலைக்குச் சாயம் அடித்து, ரீட்டா ஹேவர்த் ஆக்கினார்கள். நடிகை ஜோன் கிராஃபோர்டின் முகம் நிறையப் புள்ளி புள்ளியாகத் தேமல் போல் இருக்கும். போட்டோகிராஃபர் ஜார்ஜ் ஹர்ரல் அவரை மேக்கப் இல்லாமல் எடுத்துவிடுவார். பிறகு நெகட்டிவின் மேலேயே பென்சிலால் தொட்டுத் தொட்டு அந்தப் புள்ளிகளைக் காணாமல் போக்குவார்கள். அது நமக்குத் தெரிந்த வேலை. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடி வைத்து நெகட்டிவ் டச்சப் பண்ணியவர்தான். பென்சில் முனையை ஊசி மாதிரி சீவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கன்னத்தில் ஒரு புள்ளி, தாடையில் ஒரு புள்ளி. அதனால் ஹாலிவுட் பொய் சொல்லவில்லை என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் அந்தப் பொய்யில் கிராஃபோர்டும் கூட்டு. விளக்குக்கு எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவது என்று அவருக்குத் தெரியும். அந்தப் பென்சிலையும் தெரியும். அவரவர் முகத்தை வைத்து அவரவர் சொன்ன பொய் அது. உங்கள் பூச்சில் அவர்கள் ஒப்புதல் எங்கே இருக்கிறது?

இந்த இடத்தில் நடிகை மெர்ல் ஓபரானைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. எங்கள் தெருவில் இருந்த ஆங்கிலோ இந்தியன் ஆன்ட்டி ஒருவர், மெர்ல் டிவியில் வந்தாலே சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் போட்டு அப்பாவைக் கூப்பிடுவார்: “அவ எங்க வீட்டுப் பொண்ணு மேன், எங்க வீட்டுப் பொண்ணு!” எங்களுக்கு அப்போது விளங்கவில்லை. மெர்ல் 1911-ல் பம்பாயில் பிறந்தவர். அம்மா என்று அழைத்து வளர்ந்தது சார்லட் செல்பி என்ற இலங்கைப் பெண்மணியை. உண்மையில் அவர் பாட்டி. பெற்றவள் சார்லட்டின் மகள் கான்ஸ்டன்ஸ், அப்போது அவளே சிறுமி. கல்கத்தாவில் வளர்ந்து, லண்டன் போய் நடிகையானதும், தான் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்ததாகக் கதை கட்டப்பட்டது. 1936 ஆஸ்கரில் சிறந்த நடிகைக்கான பட்டியலில் அவர் பெயர் இருந்தது. 1939-ல் ‘உதரிங் ஹைட்ஸ்’ படம். 1979-ல் சாவதற்கு ஒரு வருஷம் முன்புவரை அந்த டாஸ்மேனியாவை விடவில்லை. தோலை வெளுப்பாக்கப் பூசிய கிரீம்களே தோலைக் கெடுத்தன என்கிறார்கள். 1937-ல் கார் விபத்தில் முகத்தில் தழும்பு விழுந்தது. பிற்பாடு அவரை மணந்த ஒளிப்பதிவாளர் லூசியன் பல்லார்ட், கேமரா லென்சுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன விளக்கைப் பொருத்தி, தழும்பு தெரியாமல் நேராக வெளிச்சம் அடித்தார். அந்த விளக்குக்கு இன்றைக்கும் மெர்ல் ஓபரானின் பெயரால் ‘ஓபி’ என்றுதான் பெயர்.

ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். சார்லட் இறந்தபின் மெர்ல் ஒரு பழைய போட்டோவை ஓவியரிடம் கொடுத்து அம்மாவை வரையச் சொன்னார், தோலை மட்டும் வெளுப்பாக வரையச் சொன்னார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். இதைப் படித்த அன்றைக்கு எனக்குக் கடையில் வேலை ஓடவில்லை. என் கவுன்ட்டருக்கு முன்னால் மாதம் பத்துப் பேராவது நின்று சொல்கிற வார்த்தை அது. “அம்மா கொஞ்சம் மாநெறம்ணே. படத்துல கொஞ்சம் வெளுப்பாக் கொண்டாந்துருங்க.” நானும் ஸ்லைடரைத் தள்ளியிருக்கிறேன். ஒருமுறை, ஒருமுறைதான், பிரேம் போட்ட படத்தை வீட்டுக்கு எடுத்துப் போனவர் மறுநாள் திரும்ப வந்தார். பேத்தி படத்தைப் பார்த்துவிட்டு, “இது யாரு?” என்று கேட்டாளாம். காசு வேண்டாம், பழையபடி பண்ணிக் கொடுங்கள் என்றார்.

மெர்ல் ஓபரானுக்கு எந்த நிறம் பூசப் போகிறீர்கள்? உங்கள் மென்பொருள் லட்சக்கணக்கான முகங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. நாயகி என்றால் ரோஜா வெள்ளை என்று அதற்குத் தெரியும். அதைப் பூசினால் அந்தப் பொய்க்கு நீங்களும் கையெழுத்துப் போடுகிறீர்கள். மாநிறம் பூசினால், உயிரைக் கொடுத்து மறைத்த ஒரு மனுஷியைத் தெருவில் நிறுத்துகிறீர்கள். சாம்பல் நிறம் மட்டும்தான் அவரைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, வெள்ளைக்காரி என்று சத்தியம் பண்ணவும் இல்லை. டெக்னிகலர் வண்ணப் படங்களிலும் நடித்திருக்கிறார்தான், அங்கே மேக்கப் பேசியது. ‘உதரிங் ஹைட்ஸ்’ஸில் ஜன்னலோரம் சாய்ந்த அந்த முகத்தைப் பாருங்கள். ஆன்ட்டிக்கு அவர் எங்கள் வீட்டுப் பெண்ணாகவும், லண்டன்காரனுக்கு அவன் ஊர்ப் பெண்ணாகவும் தெரிய அதில் இடம் இருந்தது.

கறுப்பு வெள்ளை என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஓடிவிடுகிறார்கள், நிறம் பூசினால் பத்துப் பேராவது பார்ப்பார்கள் என்பது உங்கள் வாதம். பாதி உண்மை. நானே பத்து வயதில் ஓடப் பார்த்தவன். ‘முகல்-ஏ-ஆசம்’ படத்தை 2004-ல் வண்ணத்தில் கொண்டுவந்தபோது நான் தியேட்டரில் கைதட்டினேன், மறைக்கவில்லை. ஆனால் அதன் இயக்குநர் ஆசிஃப் சில ரீல்களை வண்ணத்திலேயே எடுத்தவர், முழுப் படமும் வண்ணமாக வேண்டும் என்று ஆசைப்பட்டவர். அவர் பாதியில் விட்டதை முடித்தார்கள். கார்போவின் முகத்தை வெள்ளைத்தாளாக வைக்கச் சொன்ன மமூலியன் யாருக்கும் அப்படி ஒரு பாக்கி வைக்கவில்லை. இத்தனைக்கும் 1935-ல் முழுநீளப் படமாக மூவண்ண டெக்னிகலரில் முதலில் எடுத்த ஆளே அவர்தான். நிறம் கிடைக்காமல் திண்டாடியவர் இல்லை.

உங்கள் கடையை மூடச் சொல்ல எனக்கு வாயில்லை. என் கடை திறந்திருக்கிறது. பூசுங்கள். பூசியதன் மேல் ‘இது பூசியது’ என்று கண்ணில் படுகிற இடத்தில் எழுதுங்கள். கீழே மூலையில், படிக்கவே முடியாத பொடியில் வேண்டாம். மூலப்பிரதி எங்கே கிடைக்கும் என்பதையும் பக்கத்திலேயே போடுங்கள். முகத்தை வழிக்காதீர்கள். கிரெயினைத் துடைக்கிறேன் என்று தோலைத் துடைத்துவிடுகிறீர்கள். அந்தப் பொடிப்பொடிப் புள்ளிகள்தான் அவர்களுடைய சதை. விநாடிக்கு 24 பிரேம் ஓடிய படத்தை 60 ஆக்குவதையும் விட்டுவிடுங்கள். டீட்ரிச்சின் விரல் நடுக்கம் 24-ல் நடுங்கியது. கையில் நிஜமாகவே காசும் கம்ப்யூட்டரும் மிச்சமிருந்தால், அழியாமல் கிடக்கிற பழைய சுருள்களைக் காப்பாற்றுங்கள். அமெரிக்காவில் எடுத்த ஊமைப் படங்களில் ஏறத்தாழ 70 சதவீதம் ஒரேயடியாக அழிந்துபோயின. 1937-ல் நியூ ஜெர்சியில் ஃபாக்ஸ் கிட்டங்கி எரிந்த ஒரே ராத்திரியில் போனவை எத்தனையோ. மிச்சமிருக்கிற சுருள்களும் கிட்டங்கிகளில் புளித்துக்கொண்டுதான் இருக்கின்றன. கீறலைத் துடைக்க, நடுக்கத்தை நிறுத்த, பூஞ்சையை எடுக்க நம்மைவிடத் தெரிந்தவர் யார்? அந்த வேலைக்குக் கூப்பிட்டால் ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு நானும் வருகிறேன்.

அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது. பதினாறாம் நாளுக்கு அவர் படத்தை நான்தான் செய்தேன். ஒர்க்‌ஷாப் அடையாள அட்டையில் இருந்த கறுப்பு வெள்ளை போட்டோ. முப்பது வயசு, எண்ணெய் வழிய வாரிய தலை. கை பழக்கத்தில் நிறம் பூசினேன். சட்டைக்கு நீலம் கொடுத்தேன். பிரிண்ட் எடுத்து அம்மாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். “சட்ட காக்கிடா அது. அப்பல்லாம் ஒர்க்‌ஷாப்ல காக்கிதான்” என்றாள். மறுபடி கடைக்கு வந்து காக்கி பூசினேன். அதைப் பார்த்துவிட்டு, “இவ்ளோ புதுக் காக்கி இல்ல. நாந்தான தொவைக்கிறது, எனக்குத் தெரியாதா” என்றாள். மூன்றாவது தடவை நான் எதையும் பூசவில்லை. இப்போது கூடத்தில் மாட்டியிருப்பது அதுதான். தகரப் பெட்டி அதற்குக் கீழே இருக்கிறது. மூத்த தாரம் இன்னும் மூடிக்குள்தான் இருக்கிறாள், பசை காய்ந்து ஒரு மூலை மட்டும் தூக்கிக்கொண்டு.

இப்படிக்கு,
பொன்மலையிலிருந்து உங்கள் தொழில்காரன் ஒருவன்

பி.கு.: 1954-ல் வந்த ‘சடன்லி’ என்ற படத்துக்கு 1980-களில் உங்கள் மூத்தவர்கள் நிறம் பூசியபோது, ஃபிராங்க் சினாட்ராவின் கண்ணுக்குப் பழுப்பு அடித்துவிட்டார்கள். ஊர் முழுக்க ‘நீலக்கண்ணர்’ என்றே பட்டப்பெயர் சொல்லி அழைத்த ஆள் அவர். உங்கள் கம்ப்யூட்டரிலும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.